படகின் அச்சாணி

பாய்மரப் படகுக்கு எதற்கு எஞ்சின்? சென்ற விடுமுறையில் ஒரு பழைய படகின் அடிப்பகுதியில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது நானும் இந்தக் கேள்வியைக் கேட்டேன். "காத்து இருந்தா பாய் போதும் தம்பி. காத்து செத்துப் போயி, எதிர்ல ஒரு எண்ணெய்க் கப்பல் வர்றப்ப என்ன செய்வே?" என்று திருப்பிக் கேட்டார் மாமா. பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் சிங்கப்பூரில் காற்று பல நாட்கள் மந்தமாகவே இருக்கும். நீரோட்டமோ வலுவானது. சுற்றிலும் பெரிய கப்பல்கள் நங்கூரமிட்டிருக்கும். இந்த நீரில் எஞ்சின் நின்றுபோன பாய்மரப் படகு, நெடுஞ்சாலையின் நடுவில் பெட்ரோல் தீர்ந்த மோட்டார் சைக்கிளைப் போன்றது.

மாமா என்று நான் அழைப்பவர் எனக்கு உறவினர் அல்லர். குவீன்ஸ்டவுனில் நான் வாடகைக்குத் தங்கியிருக்கும் வீவக புளோக்கில் இரண்டு மாடி கீழே குடியிருப்பவர். கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய மேற்பார்வையாளரான சீனப் பெரியவர் ஒருவரிடம் 32 அடி நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. கண்ணாடியிழையால் ஆன அந்தப் படகுக்கு என்னைவிட இருமடங்குக்கு மேல் வயது. பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தியோமான் தீவுக்குப் போக வேண்டும் என்பது பெரியவரின் ஆசை. ஆனால் எஞ்சினை வேகமாக ஓட்டினால் தரை அதிர்கிறது என்று அவர் சொல்லியிருந்தார். ஆகவே படகைக் கிரேன் பட்டைகளில் தூக்கிக் கரையில் நிறுத்தினார்கள். இயந்திரப் பொறியியல் படிக்கிறேன் என்பதால் மாமா என்னையும் அழைத்துப் போனார். நான் கற்றுக்கொடுக்கப் போகவில்லை, கற்றுக்கொள்ளத்தான் போயிருக்கிறேன் என்பது முதல் அரை மணி நேரத்திலேயே புரிந்துவிட்டது.

தாங்குகால் என்றால் என்ன?

படகின் எஞ்சின் உள்ளே இருக்கிறது. நீரைத் தள்ளும் புரொப்பெல்லர் வெளியே இருக்கிறது. இரண்டையும் இணைப்பது சுழல்தண்டு, அதாவது ஷாஃப்ட். இந்தத் தண்டு எஞ்சினிலிருந்து சாய்வாகப் பின்னோக்கி வந்து, படகின் அடியிலுள்ள ஒரு குழாய் வழியாக வெளியேறுகிறது. குழாயின் உள்முனையில் கடல்நீர் புகாமல் தடுக்கும் அடைப்பு ஒன்று உண்டு. அதை ஸ்டஃபிங் பாக்ஸ் என்பார்கள். வெளியே வந்த தண்டு இன்னும் சில அடி நீருக்குள் நீண்டு சென்ற பிறகுதான் புரொப்பெல்லர் வருகிறது.

இப்படி நீண்டு நிற்கும் தண்டின் நுனியில் கனமான புரொப்பெல்லரை மாட்டிச் சுழற்றினால் தண்டு வளைந்து ஆடும். அதைத் தடுக்கவே புரொப்பெல்லருக்குச் சற்று முன்னால் ஒரு கால் பொருத்தப்படுகிறது. அதன் மேல்முனையில் உள்ள தட்டு படகின் அடிப்பகுதியில் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும். கீழ்முனையில் ஒரு வளையம் இருக்கும். தண்டு அந்த வளையத்துக்குள் சுழலும். ஆங்கிலத்தில் ஸ்ட்ரட் எனப்படும் இதை மாமாவின் பட்டறையில் 'பிராக்கெட்' என்றே சொல்வார்களாம். இக்கட்டுரையில் இதைத் தாங்குகால் என்றே அழைக்கிறேன்.

தாங்குகால் எதையும் தள்ளுவதில்லை, எதையும் சுழற்றுவதில்லை. தண்டை அதன் நேர்க்கோட்டில் பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே அதன் வேலை. அந்த வேலை எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். எந்தத் தண்டுக்கும் ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்தை நெருங்கினால் தண்டு வில்போல் வளைந்து சுழலத் தொடங்கும். இரண்டு தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளம் இருமடங்கானால் அந்த ஆபத்தான வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பெரியவரின் படகில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றும்போது, கியர்பாக்ஸ் அதைப் பாதியாகக் குறைத்து 1,200 சுற்றாகத் தண்டுக்குக் கொடுக்கிறது. அதாவது நொடிக்கு 20 சுற்று. தாங்குகால் விட்டுப்போனால், அதுவரை பாதுகாப்பாக இருந்த அதே வேகம் ஆபத்தான வேகமாகிவிடக்கூடும்.

தண்ணீரே எண்ணெய்

தாங்குகாலின் வளையத்துக்குள் ஒரு பேரிங் இருக்கிறது. மிதிவண்டியில் இருப்பதுபோல் குண்டுகள் கொண்ட பேரிங் அல்ல. வெளியே பித்தளை உறை, உள்ளே ரப்பர். ரப்பரில் நீளவாக்கில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருக்கும். இதனைக் கட்லெஸ் பேரிங் என்பார்கள். இதற்குக் கிரீஸோ எண்ணெயோ தேவையில்லை. வாய்க்கால்களில் ஓடும் கடல்நீர், தண்டுக்கும் ரப்பருக்கும் இடையே மெல்லிய படலமாகப் பரவி உராய்வைக் குறைக்கிறது. உள்ளே புகும் மணலையும் அதே நீர் அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

இந்த யோசனை புதிதல்ல. புரொப்பெல்லர் கப்பல்கள் வந்த தொடக்க காலத்தில் உலோகத்தின்மேல் உலோகம் உராய்ந்து பேரிங்குகள் விரைவில் தேய்ந்தன. 1850களில் ஜான் பென் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், லிக்னம் வைட்டே என்னும் மிகக் கடினமான மரத்தின் பட்டிகளை இடைவெளி விட்டு அடுக்கி, இடையில் நீர் ஓடும்படி செய்தார். கடல் கடந்த நீராவிப் பயணங்களுக்கு அந்த மரப் பேரிங் பெருந்துணையாக இருந்தது. பிற்காலத்தில் சிறு படகுகளில் மரத்தின் இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், இது நம் ஊர் ரப்பராக இருக்குமோ என்று ஆவலோடு கேட்டேன். இல்லையாம். எஞ்சின் எண்ணெய் பட்டாலும் ஊறிப்போகாத நைட்ரைல் என்ற செயற்கை ரப்பராம்.

குவாந்தான் கடலில் கிடக்கும் பாடம்

தாங்குகால் உடைந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டபோது, "நீ எந்த ஊரு?" என்றார் மாமா. குவாந்தான் என்றேன். "அப்போ உனக்குத்தான் தெரியணும். ஒங்க ஊரு கடல்லதான் கெடக்குது," என்றார்.

அவர் சொன்னது 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பற்றி. அந்தக் கப்பல் மூழ்கிய கதையைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஆனால் அதில் ஒரு தாங்குகாலின் கதை இருப்பதை அன்றுதான் அறிந்தேன். அன்றிரவே அதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அக்கப்பல் 1941 டிசம்பர் 2ஆம் தேதி சிங்கப்பூருக்கு வந்தது. டிசம்பர் 8ஆம் தேதி மாலை, 'ரிபல்ஸ்' என்ற மற்றொரு பெரிய கப்பலுடனும் நான்கு நாசகாரிக் கப்பல்களுடனும் இங்கிருந்து வடக்கே புறப்பட்டது. டிசம்பர் 10ஆம் தேதி முற்பகல் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. ஒரு டார்ப்பிடோ கப்பலின் இடப்பக்கப் பின்பகுதியில், வெளிப்புறத் தண்டைத் தாங்கும் கால் இருந்த இடத்தின் அருகே வெடித்தது.

கப்பலுக்கு நான்கு சுழல்தண்டுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றுதான் பாதிக்கப்பட்டது. ஆனால் தாங்குகாலின் பிடி இழந்த அந்தத் தண்டு, முழுவேகத்தில் சுழன்றபடியே துள்ளியது. தண்டு செல்லும் சுரங்கப்பாதையில் தடுப்புச்சுவர்கள்தோறும் இருந்த நீரடைப்புகள் கிழிந்தன. தண்டை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஓடுமா என்று பார்க்க மீண்டும் சுழற்றியபோது, சேதமடைந்த பாதை வழியே நீர் பாய்ந்து வந்து எஞ்சின் அறை ஒன்றையே கைவிட வேண்டியதாயிற்று. சிறிது நேரத்தில் ஏறத்தாழ 2,400 டன் நீர் உள்ளே புகுந்தது. கப்பல் சாய்ந்தது. வேகம் 16 நாட்டாகக் குறைந்தது. பின்பகுதியில் மின்சாரம் போனதால் நீர் இறைக்கும் பம்புகளும் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் பலவும் செயலிழந்தன. அதன்பின் வந்த டார்ப்பிடோக்களிலிருந்து விலகவோ தற்காத்துக்கொள்ளவோ அதனால் முடியவில்லை. பிற்பகல் 1.20 மணி அளவில் மூழ்கியது. இரு கப்பல்களிலும் சேர்த்து 840 பேர் இறந்தார்கள்.

2007ஆம் ஆண்டு முக்குளிப்பாளர்கள் ஏறத்தாழ 68 மீட்டர் ஆழத்தில் தலைகீழாகக் கிடக்கும் அந்தக் கப்பலைப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். அந்த முதல் அடி தாங்குகாலைப் பறித்ததே பெருவெள்ளம் உள்ளே வரக் காரணம் என்பதை அந்த ஆய்வு மேலும் தெளிவாக்கியது.

ஒரு தாங்குகால் போனதால் சிங்கப்பூர் வீழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. விமானப் பாதுகாப்பு இல்லாமல் சென்றது முதலிய பெரிய காரணங்களை வரலாற்று மாணவர்கள் விளக்குவார்கள். ஆனால் அந்தத் தோல்விக்குப் பின் இரண்டே மாதங்களில் நமது வளாகம் அமைந்துள்ள இந்தக் கென்ட் ரிட்ஜ் குன்றுகளிலேயே போர் நடந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. ஓர் இயந்திர மாணவனாக நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே. தாங்குகால் விட்டுப்போன தண்டு எஞ்சினுக்கு மட்டும் கெடுதல் செய்வதில்லை. கடலுக்கே வழி திறந்துவிடுகிறது.

பெரியவரின் படகிலும் இதே கதை சிறிய அளவில் நடக்கலாம். தாங்குகால் கழன்றால் தண்டு துள்ளும். துள்ளும் தண்டு ஸ்டஃபிங் பாக்ஸைக் கிழிக்கும். அல்லது தாங்குகாலின் போல்ட்டுகள் படகின் அடியையே பிய்த்துக்கொண்டு வரும். தியோமானுக்குப் போகும் வழியில், பேரப்பிள்ளைகள் இருக்கும் படகில் அப்படி நடந்தால்? இந்தக் கேள்வி என் மனத்தில் ஏறிய பிறகு, மறுநாள் நான் சுரண்டிய விதமே மாறிவிட்டது.

கையும் கண்ணும் காதும்

தாங்குகாலைச் சோதிக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. மாமா எனக்குக் காட்டிய முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கை. புரொப்பெல்லருக்கு அருகில் தண்டை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும், பிறகு இடமும் வலமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். நீரில் ஓடும் பேரிங் என்பதால் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பு. 1 அங்குலத் தண்டுக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் பேரிங்கை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொதுவாகக் கொள்வார்கள். ஆட்டும்போது ஒருவர் தாங்குகாலின் தட்டையே உற்றுப் பார்க்க வேண்டும். தண்டு பேரிங்குக்குள் ஆடுவது ஒன்று. தாங்குகாலே படகின்மேல் ஆடுவது வேறொன்று. பின்னது மிகவும் மோசம்.

இரண்டாவது கண். பேரிங்கின் நுனியைப் பார்த்தால் ரப்பர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று தெரியும். சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது வயது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் தண்டு நேர்க்கோட்டில் இல்லை என்று பொருள். தாங்குகாலின் தட்டைச் சுற்றிப் பெயிண்ட்டில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, ஈரம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். படகைத் தூக்கி ஒரு நாள் ஆன பிறகும் அந்த இடம் மட்டும் காயாமல் இருந்தால் உள்ளே நீர் தங்கியிருக்கிறது.

மூன்றாவது, உலோகத்தின் நிறம். பழைய படகுகளின் தாங்குகால்கள் பெரும்பாலும் மாங்கனீஸ் வெண்கலம் என்ற உலோகத்தால் வார்க்கப்பட்டவை. பெயர்தான் வெண்கலம். உண்மையில் ஏறத்தாழ 40 விழுக்காடு துத்தநாகம் கலந்த பித்தளை வகை அது. கடல்நீரில் மின்வேதி அரிப்பு ஏற்படும்போது துத்தநாகம் கரைந்து போய்விடும். செம்பு மட்டும் கடற்பஞ்சுபோல் துளைத்துளையாக நிற்கும். வெளித்தோற்றம் மாறாது, வலு போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஓர் ஓரத்தில் கத்தியால் சுரண்ட வேண்டும். பொன்மஞ்சளாக மின்னினால் நல்லது. வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால் துத்தநாகம் போய்விட்டது. தண்டில் மாட்டப்படும் துத்தநாகத் துண்டு இதற்காகவே இருக்கிறது. அது தான் அரிந்து மற்ற உலோகங்களைக் காக்கிறது. அது பாதியாகக் கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். குளிர்நாட்டுப் படகுகள் பலவற்றைப் பனிக்காலத்தில் கரையேற்றிவிடுவார்கள். இங்கு ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான நீரிலேயே படகு கிடப்பதால் அரிப்புக்கு ஓய்வே இல்லை.

நான்காவது காது. சிறு சுத்தியலால் தாங்குகாலை மெல்லத் தட்ட வேண்டும். நல்ல வார்ப்பு மணிபோல் ஒலிக்கும். வெடிப்பு விட்டதோ அரிந்துபோனதோ 'டொக்' என்று மந்தமாக ஒலிக்கும். நம் பாட்டிமார் சந்தையில் மண்பானையைத் தட்டி வாங்கியதும் இதே முறைதானே!

நான் செய்த தவறு

பெரியவரின் படகில் இவற்றையெல்லாம் செய்து பார்த்தேன். தாங்குகால் மஞ்சளாக மின்னியது. தட்டினால் மணியோசை. கையால் ஆட்டியபோது தட்டு அசையவில்லை. பேரிங் மட்டும் ஒரு பக்கமாக நன்றாகத் தேய்ந்திருந்தது. "பேரிங்க மாத்திட்டாப் போதும் மாமா," என்று தீர்ப்பு வழங்கினேன்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மாத்துனவனும் இதத்தான் சொன்னான்," என்றார் அவர். "பேரிங் ஏன் ஒரு பக்கமா தேஞ்சுச்சு? மொதல்ல அதச் சொல்லு."

பதில் என்னிடம் இல்லை. ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்க்கலாம் என்றார். தாங்குகாலை நான்கு போல்ட்டுகள் பிடித்திருந்தன. வெளியே தலைகள் பூச்சுக்குள் மறைந்திருந்தன. உள்ளே நட்டுகள் எஞ்சினுக்குப் பின்னால், ஆள் நுழைய முடியாத ஓர் இடுக்கில் இருந்தன. ஒல்லியான உடம்பு அன்று பயன்பட்டது. தலைகீழாகப் படுத்து, வாயில் டார்ச் விளக்கைக் கவ்விக்கொண்டு ஒரு மணி நேரம் போராடி ஒரு நட்டைக் கழற்றினேன்.

வெளியே வந்த போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரு முனைகளும் புதிதுபோல் மின்னின. ஆனால் நடுப்பகுதி அரிந்து உடுக்கைபோல் இடுங்கியிருந்தது. மிஞ்சியிருந்தது பென்சில் கனம்தான். மற்ற மூன்றையும் கழற்றினோம். இரண்டு இதே நிலையில் இருந்தன. ஒன்று கழற்றும்போதே முறிந்தது.

துருப்பிடிக்காத எஃகு எப்படி அரிந்தது? அந்த எஃகைக் காப்பது அதன் மேற்பரப்பில் தானாக உருவாகும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். படகின் அடிப்பலகைக்குள், காற்றோ ஓடும் நீரோ இல்லாமல் தேங்கிய உப்புநீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. படலம் கிழிகிறது, அரிப்பு தொடங்குகிறது. வெளியே தெரியும் தலையும் நட்டும் பளபளப்பாகவே இருக்கும். ஆகவே போல்ட்டைப் பார்க்க ஒரே வழி, அதை வெளியே எடுப்பதுதான்.

இப்போது கதை முழுவதும் விளங்கியது. போல்ட்டுகள் மெலிந்ததால், எஞ்சின் ஓடும்போது தாங்குகால் சிறிது சிறிதாக இடம் பெயர்ந்திருக்கிறது. கையின் பலத்துக்கு அசையாதது புரொப்பெல்லரின் பலத்துக்கு அசைந்திருக்கிறது. அதனால் தண்டு கோணலாகி, பேரிங் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. நான் சொன்னபடி பேரிங்கை மட்டும் மாற்றியிருந்தால் அதிர்வு சில மாதங்களுக்குக் குறைந்திருக்கும். பெரியவரும் நம்பிக்கையோடு தியோமானுக்குப் புறப்பட்டிருப்பார். வகுப்பில் எத்தனையோ முறை தவறான விடை எழுதியிருக்கிறேன். அங்கே மதிப்பெண்தான் போனது. இங்கே போயிருக்கக்கூடியதை நினைத்தபோது உள்ளங்கை வியர்த்தது.

பழுது பார்த்த முறை

தாங்குகாலை முழுவதுமாகக் கழற்றினோம். தண்டை வெளியே இழுத்து, சமதளத்தில் தாங்கிகள்மேல் வைத்து உருட்டி, அளவுமானியால் வளைவு இருக்கிறதா என்று சோதித்தோம். வளைந்த தண்டைத் திரும்பப் போட்டால் புதுத் தாங்குகாலும் கெட்டுவிடும். நல்லவேளையாக வளைவு இல்லை.

உள்ளே போல்ட்டுகளுக்கு அடியில் இருந்த ஒட்டுப்பலகை ஊறி மக்கியிருந்தது. அதைச் செதுக்கி எடுத்துவிட்டு, ஈரம் முழுவதும் காயும்வரை பல நாட்கள் காத்திருந்தோம். பழைய துளைகளைச் சற்றுப் பெரிதாக்கி எபாக்சி பிசினால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் புதிதாகத் துளையிட்டோம். இதனால் போல்ட்டைச் சுற்றி பிசின் மட்டுமே இருக்கும். நீர் கசிந்தாலும் அடிப்பலகைக்குள் பரவாது. மக்கிய பலகைக்குப் பதிலாகக் கனமான கண்ணாடியிழைத் தட்டு வைத்தோம். போல்ட்டுகள் இம்முறை சிலிக்கான் வெண்கலம்.

பழைய பேரிங்கை எடுப்பது பொறுமையான வேலை. ஹேக்ஸா பிளேடை வளையத்துக்குள் நுழைத்து, பேரிங்கின் பித்தளை உறையை நீளவாக்கில் அறுத்து, உள்நோக்கி மடக்கி உருவ வேண்டும். ஒரு மயிரிழை அதிகமாக அறுத்தால் தாங்குகாலிலேயே கீறல் விழும். புதிய பேரிங் 1 அங்குலத் தண்டுக்கானது. வெளிவிட்டம் ஒன்றேகால் அங்குலம், நீளம் 4 அங்குலம். பொதுவாகத் தண்டின் விட்டத்தைப்போல் நான்கு மடங்கு நீளம் வைப்பார்கள். அதை முதல் நாள் இரவே மாமா வீட்டுக் குளிர்பெட்டியில், மீனுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் வைத்திருந்தோம். குளிரில் உலோகம் சற்றுச் சுருங்கும். மறுநாள் சவர்க்கார நீர் தடவி, நீண்ட திருகுதண்டும் வாஷர்களும் கொண்டு மெல்ல முடுக்கி இழுத்தபோது நேராக உள்ளே போனது. சுத்தியலால் அடித்திருந்தால் உறை நசுங்கியிருக்கும். கிரீஸ் தடவினாலோ ரப்பருக்குக் கேடு.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். தாங்குகாலை முதலில் முடுக்கிவிட்டுப் பிறகு தண்டை நுழைக்கக் கூடாது. தண்டுதான் தாங்குகாலுக்கு இடம் காட்ட வேண்டும். தண்டைக் குழாயின் சரியான நடுவில் ஆப்புகளால் நிறுத்தினோம். தாங்குகாலை அதன்மேல் தொங்கவிட்டு, அது எந்தப் பக்கமும் இறுகாமல் தண்டு கையால் எளிதாகச் சுழல்கிறதா என்று பார்த்தோம். தட்டுக்கும் படகுக்கும் இடையே இருந்த சீரற்ற இடைவெளியைக் கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பினோம். பின்னால் கழற்ற வசதியாகத் தட்டில் மட்டும் மெழுகு பூசியிருந்தோம். போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகிவிட்டு வீடு திரும்பினோம். மறுநாள் எபாக்சி கல்லாக இறுகி, தாங்குகாலுக்கு அச்சு அசலான இருக்கையாக மாறியிருந்தது. பிறகே நீரடைப்புப் பசை இட்டு போல்ட்டுகளை முழுவதும் முடுக்கினோம்.

புரொப்பெல்லருக்கும் தாங்குகாலுக்கும் இடையே ஏறத்தாழத் தண்டின் விட்ட அளவு இடைவெளி விட்டோம். அதிகமானால் நுனி ஆடும். மிகவும் குறைந்தால் பேரிங்குக்கு நீர் போகாது. துத்தநாகத் துண்டையும் அதே காரணத்துக்காகப் பேரிங்கின் வாயை அடைக்காதபடி தள்ளி மாட்டினோம்.

ஒரு தாளின் கனம்

படகை நீரில் இறக்கியதும் வேலை முடியவில்லை. கரையில் முட்டுக்கொடுத்து நிற்கும் படகின் உடல், மிதக்கும்போது மிகச் சிறிதளவு வடிவம் மாறும். ஆகவே எஞ்சினையும் தண்டையும் நேராக்கும் கடைசி வேலையை, படகு ஒன்றிரண்டு நாள் மிதந்த பிறகே செய்ய வேண்டும்.

எஞ்சின் பக்கத் தட்டும் தண்டின் பக்கத் தட்டும் சந்திக்கும் இடம் கப்ளிங். அவற்றின் முகங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, மேலே, கீழே, இடப்பக்கம், வலப்பக்கம் என்று நான்கு இடங்களில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகளை நுழைத்து இடைவெளியை அளந்தோம். கப்ளிங்கின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வேறுபாடு இருக்கலாம் என்பது நடைமுறை விதி. எங்கள் கப்ளிங் 4 அங்குலம். ஆக, அனுமதிக்கப்பட்ட வேறுபாடு 0.1 மில்லிமீட்டர். நாம் படிவம் அச்சிடும் ஏ4 தாளின் கனம் அவ்வளவுதான். எஞ்சின் நிற்கும் நான்கு தாங்கிகளின் நட்டுகளைக் கால் திருகு, அரைக்கால் திருகு என்று மாற்றி மாற்றி, அந்தத் தாளின் கனத்துக்குள் கொண்டுவர ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது.

மாலையில் எஞ்சினை ஓட்டினார் பெரியவர். நிமிடத்துக்கு 2,400 சுற்று. தரையில் வைத்த கோப்பிக் குவளையில் மெல்லிய வட்டங்கள் மட்டுமே எழுந்தன. ஸ்டஃபிங் பாக்ஸில் நிமிடத்துக்குச் சில சொட்டு நீர். பழைய வகை அடைப்புக்கு அந்தச் சொட்டு தேவையானதே. அது தண்டைக் குளிர்விக்கிறது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. குவளையை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

பார்க்காத இடத்தைப் பார்ப்போம்

திருக்குறளின் 667ஆம் குறளைத் தொடக்கப்பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். உருளும் பெரிய தேருக்கு அச்சாணி எப்படியோ அப்படிப்பட்டவர்கள் உலகில் உண்டு, உருவத்தைக் கண்டு இகழாதே என்கிறார் வள்ளுவர். அன்று ஆசிரியர் கேட்டபோது பொருள் சொல்லி முத்திரை வாங்கினேன். அச்சாணியைக் கண்ணால் பார்த்தது இப்போதுதான். நீருக்கு அடியில், யார் பார்வைக்கும் படாமல், ஒரு தண்டை நேராகப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தக் காலும், அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் நான்கு போல்ட்டுகளுமே அது.

நம்மில் பலரிடம் பாய்மரப் படகு இருக்கப் போவதில்லை. ஆனால் ஓடுகிற எதிலும் அதிர்வு தோன்றினால், அது துணி துவைக்கும் இயந்திரமாக இருந்தாலும் மோட்டார் சைக்கிளாக இருந்தாலும், செய்ய வேண்டியவை இரண்டுதான். முதலில் நிறுத்துங்கள். இன்னும் ஓடுமா என்று ஓட்டிப் பார்க்காதீர்கள். பிறகு தேய்ந்துபோனதை மாற்றுவதற்கு முன் அது ஏன் தேய்ந்தது என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால், மின்னும் போல்ட்டாகவே இருந்தாலும் ஒன்றையாவது கழற்றிப் பாருங்கள்.

இடுங்கிய அந்த போல்ட் இப்போது குவீன்ஸ்டவுனில் என் படிப்பு மேசையின்மேல் இருக்கிறது. தாள்கள் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். தேர்வுத் தாளில் விடையை எழுதி முடித்துவிட்டோம் என்று தோன்றும்போது அதை ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன்.